பாஸ் ஆனவள் படிக்கிறாள்

மார்ச் 27, வியாழன்

படிச்சது: பூஜ்யம்.

நேத்தோட அப்பாவுக்குப் பதினாறு முடிஞ்சது. பந்தல்காரர் காலையிலேயே வந்து எல்லாத்தையும் பிரிச்சிட்டார். ரெண்டு நாற்காலி குறையுதுன்னு அவருக்கும் குருசாமி சித்தப்பாவுக்கும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில ரெண்டும் எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்துச்சு. சித்தப்பாதான் போன் பேச எடுத்துட்டுப் போயிருக்கார்.

தெருமுனையில கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் இன்னும் நிக்குது. படத்துல அப்பா சட்டைப் பையில பேனா இருக்கு. லோடு ஆட்டோ ஓட்டின மனுஷன் என்னிக்குப் பேனா வச்சார்? சித்தப்பா ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லி ஒட்ட வச்சிருக்கார். "கெத்தா இருக்கும்லத்தா." கீழே பேர் வரிசை. மனைவி சுப்புத்தாய். மகள் ஆர். மாரீஸ்வரி, பி.காம்., சி.ஏ. அந்த சி.ஏ. மட்டும் சிவப்பு எழுத்து, பெருசா.

நான் சி.ஏ. இல்ல.

ஃபைனல்ல ரெண்டு குரூப். ஒண்ணு போன வருஷமே முடிச்சாச்சு. இன்னொண்ணு ஜனவரியில எழுதினேன், மார்ச் நாலாம் தேதி ரிசல்ட், மூணு மார்க்குல போயிருச்சு. மறுபடி மே அஞ்சும் ஏழும் பரீட்சை. காரியத்துக்கு நாலு நாள் முன்னாடி, வீடு நெறைய சொந்தக்காரங்க இருக்கும்போது, குளியலறைக்குள்ள நின்னு போன்ல ஃபார்ம் போட்டேன். இது தெரிஞ்சது மதுரையில இருக்கிற நசீமாவுக்கு மட்டும். எங்கூட ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு வருஷம் பயிற்சியில இருந்தவ. அவ மார்ச்சுல பாஸ் ஆயிட்டா. நிஜமாவே.

ஊருக்கெல்லாம் சி.ஏ.ன்னு சொன்னது அப்பா. போன மனுஷன் மேல பழி போடக் கூடாது. ஆனா சொன்னது அவர்தான்.

இந்த டைரி கோச்சிங் சாரோட யோசனை. தினமும் எத்தனை மணி நேரம் படிச்சோம்னு எழுதினா நமக்கே வெட்கம் வந்து உட்கார்ந்து படிப்போமாம்.

மார்ச் 29, சனி

படிச்சது: ரெண்டு மணி நேரம்.

அம்மா கேட்டுச்சு, "பாஸ் ஆயிட்டியே, இன்னும் என்னத்தப் படிக்க?"

"வேலைக்கு இன்டர்வியூ வரும்மா. கேள்வி கேப்பாக."

"பாஸ் ஆனவளையுமா கேப்பாக? அப்புறம் எதுக்கு அந்தப் பாஸு?"

நல்ல கேள்வி. பதில் யாருக்கும் தெரியாது.

பரீட்சைக்குப் படிக்கிறது கஷ்டம்னு எல்லாரும் சொல்வாங்க. பாஸ் ஆயிட்டதா ஊருக்குச் சொல்லிட்டு, அதே பரீட்சைக்குத் திருட்டுத்தனமாப் படிச்சவங்க யாராவது இருந்தா வந்து பேசுங்க. புத்தகத்துக்கெல்லாம் காலண்டர் தாள்ல அட்டை போட்டாச்சு. மாடியில தண்ணித் தொட்டி நிழல்ல உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்துச்சு, நானும் நகர்ந்தேன்.

அப்பா துணியெல்லாம் யாருக்குக் குடுக்கிறதுன்னு அம்மா கேட்டுச்சு. பார்க்கலாம்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

படிச்சது: மூணு மணி நேரம். தணிக்கைப் பாடம், தொழில் ஒழுக்கம்.

எண்ணெய் மில் பெருமாள்சாமி அண்ணாச்சி வந்தார். பையன் வெளிநாட்டுல மேல்படிப்புக்குப் போறானாம். குடும்பச் சொத்து இவ்வளவுன்னு ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேணுமாம். "வெளிய போனா அலைய விடுவாங்கத்தா. நம்ம புள்ள நீ இருக்கும்போது நான் எதுக்கு அடுத்தவன் வாசல்ல நிக்கணும்?"

"சீல் இன்னும் வரல அண்ணாச்சி."

"எப்ப வரும்?"

"ஜூலை ஆகும்."

"சீல் செய்ய நாலு மாசமா? நம்ம பஜார்ல அரை மணி நேரத்துல வெட்டித் தருவானே!"

அம்மா காபி கொண்டு வந்துச்சு. நல்ல நேரத்துல வந்துச்சு.

அவர் போனதும் மாடிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். உறுப்பினரா இல்லாத ஒருத்தர் தன்னை சி.ஏ.ன்னு சொல்லிக்கிட்டா என்ன ஆகும்? மஞ்சள் மார்க்கர் போட்டு வச்சிருந்தேன், போன வருஷமே. குற்றம், தண்டனை உண்டு. ஃப்ளெக்ஸ்ல சிவப்புல போட்டா எவ்வளவுன்னு புத்தகத்துல இல்ல.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. என் புளுகுக்கு இன்னியோட இருபத்தெட்டு நாள்.

என் புளுகுன்னுதான் எழுதியிருக்கேன். சரி. அப்பாகிட்ட பாஸ்னு சொன்னது நான். அப்பா அதை ஊருக்குச் சொன்னார்.

ஏப்ரல் 4, வெள்ளி

படிச்சது: நாலரை மணி நேரம்.

கணக்கு இதுதான். குரூப்ல மூணு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் நாப்பதாவது, மொத்தம் நூத்தம்பது வாங்கணும். ஒரு பேப்பர்ல முன்னாடி ஒரு தடவை 62 வாங்கி வச்சிருக்கேன். அறுபதுக்கு மேல வாங்கினா அடுத்த மூணு தடவைக்கு அந்தப் பேப்பரை எழுத வேண்டாம், மார்க்கை அப்படியே சேர்த்துக்குவாங்க. மூணாவது தடவை இந்த மே. இதுலயும் போச்சுன்னா அந்த 62 கூடப் போயிரும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஆக மிச்சம் ரெண்டு பேப்பர்ல 88 வேணும். ஜனவரியில 85 வாங்கினேன்.

இந்த மே பாஸ் ஆயிட்டா, ஜூலையில ரிசல்ட் வந்ததும் பொய்யே இல்லாமப் போயிரும். தேதி மட்டும்தான் தப்பு. மார்ச் கணக்குல எழுத வேண்டிய வரவை ஜூலையில எழுதினாப்போல. யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். சீல் வந்துருச்சு அண்ணாச்சின்னு சொல்லிக் கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாரியம்மன் கோயில் பொங்கல். ஊரே தெருவுல. தீட்டு வீடு, நாங்க போகக் கூடாது. கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். ஏழு மணி நேரம். கொட்டுச் சத்தத்துல எதுவும் ஏறல. கொட்டு இல்லாத நாள்லயும் ஏறல.

ஏப்ரல் 12, சனி

எழுதிரலாம். டைரிதானே.

அப்பாவுக்கு மூணு அடைப்பு. மதுரை ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி ஒரு வாரம் ஆகியும் அப்பா ஒத்துக்கல. அம்மா கெஞ்சுச்சு, சித்தப்பா திட்டினார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "எம்புள்ள ரிசல்ட் வரட்டும் சார். அது கரை சேந்துருச்சுன்னா அப்புறம் நீங்க எங்க வேணா அறுங்க."

மார்ச் நாலாம் தேதி ரிசல்ட் வந்தப்ப நான் ஆஸ்பத்திரி கேன்டீன் வரிசையில நின்னுட்டு இருந்தேன். 147. மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். என் முறை வந்துச்சு. நாலு இட்லி வாங்கினேன், சட்னி தனியாக் கட்டச் சொன்னேன். மாடி ஏறினேன்.

அப்பா என் மூஞ்சியப் பார்த்தார். "என்னத்தா ஆச்சு?"

"பாஸ்ப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை.

அப்பா பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிச் சொன்னார். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆட்டோ ஸ்டாண்டுல இருபது வருஷம் கூட நின்ன தவசி மாமாவுக்குப் போன் போட்டார். நான் இட்லியத் தட்டுல எடுத்து வச்சேன். மறுநாள் டாக்டர் வந்ததும், "இனி அறுங்க சார், எம்பொண்ணு சி.ஏ."ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் தேதி ஆபரேஷன். பதினொண்ணாம் தேதி காலையில எல்லாம் முடிஞ்சிருச்சு.

ரிஸ்க் உண்டுன்னு டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எழுதணும்னு தோணுச்சு, எழுதினேன்.

படிச்சது: அஞ்சு மணி நேரம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. வீட்ல ஒண்ணும் செய்யல. பக்கத்து வீட்டு கோமதி அக்கா பாயசம் குடுத்து விட்டாங்க. அம்மா தொடல. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

ஏப்ரல் 19, சனி

படிச்சது: எட்டு மணி நேரம்.

நசீமா மாதிரித் தேர்வு அனுப்பினா. தண்ணித் தொட்டி பக்கத்துல உட்கார்ந்து மூணு மணி நேரம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். திருத்திட்டு போன் பண்ணினா.

"முப்பத்தாறு."

"நாப்பது இல்லையா?"

"உனக்காக நாலு மார்க் சும்மா போடவா? மூணாவது கேள்வியில பாதியில நிறுத்திட்டு அடுத்த பக்கம் போயிட்ட. ஏன்டி?"

ஏன்னு எனக்குத் தெரியல. நிறுத்தினது கூட ஞாபகம் இல்ல.

"மாரி, அம்மாகிட்ட சொல்லித் தொலைடி. இதை மண்டையில வச்சுக்கிட்டு எப்படி எழுதுவ?"

"பாஸ் ஆயிட்டு சொல்றேன்."

"பாஸ் ஆயிட்டா நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?"

போனை வச்சிட்டேன். கோபம்னு இல்ல. கோபம் வந்தா நல்லாத்தான் இருக்கும். ஒண்ணும் வரல.

ஏப்ரல் 24, வியாழன்

படிச்சது: ஏழு.

அம்மா மாடிக்கு வத்தல் போட வந்துச்சு. புத்தகத்தை மூட நேரம் இல்ல. எட்டிப் பார்த்துச்சு. அம்மா அஞ்சாங் கிளாஸ். பக்கம் முழுக்க இங்கிலீஷும் நம்பரும்.

"இவ்வளவையுமா மண்டையில வச்சிருக்க?"

"ம்."

"உங்கப்பா சொல்லுவாக, நம்ம வீட்ல எனக்கு அப்புறம் வேகமா ஓடுறது இவ மண்டைதான்னு." சொல்லிட்டு வத்தலைப் பரப்புச்சு. நானும் கூட உட்கார்ந்து பரப்பினேன். காக்கா விரட்டுறதும் என் வேலை ஆயிருச்சு. கையில ஒரு குச்சி, மடியில அன்னியச் செலாவணி.

ஏப்ரல் 30, புதன்

ஒன்பது மணி நேரம். வேற ஒண்ணும் இல்ல.

மே 4, ஞாயிறு

நாளைக்கு முதல் பேப்பர், நிதி. அம்மாகிட்ட மதுரையில இன்டர்வியூ, ரெண்டு ரவுண்டு, நாளைக்கும் புதன்கிழமையும்னு சொல்லியிருக்கேன். எந்தக் கம்பெனின்னு கேட்டுச்சு. வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன். அந்தப் பேர்ல கம்பெனி இருந்தா அவங்க என்னை மன்னிக்கணும்.

மே 5, திங்கள்

காலையில குளிச்சிட்டு வந்தா அம்மாவைக் காணோம். வாசல்ல கோமதி அக்கா தண்ணிக் குடத்தோட நிக்கிறாங்க.

"என்னக்கா?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்க வரணும்னு உங்கம்மா சொல்லுச்சு." அவங்களுக்கே சங்கடம்.

பின்கட்டுக்குப் போனேன். அம்மா கதவுக்குப் பின்னால, ஈர விறகைக் குத்தி வச்சாப்போல நின்னுட்டு இருந்துச்சு. கையில புளிச்சோறுப் பொட்டலம்.

"இத எடுத்துக்க. நான் வரல. தாலி அறுத்தவ மூஞ்சில முழிச்சிட்டுப் போகக் கூடாது."

எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. ரெண்டு மாசத்துல முதல் தடவை எங்கேயோ வலிச்சுது. "யாரு சொன்னா? நீ வராட்டி நான் போகலம்மா. இங்கேயே உட்கார்ந்துக்குவேன்." நிஜமாவே அம்மிப் பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.

"ஏத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஆகட்டும்."

கடைசியில வந்துச்சு. தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, கண்ணைத் தரையில வச்சுக்கிட்டு எதுக்க நடந்து வந்துச்சு. நான் கடந்து போனேன். கோமதி அக்காவும் குடத்தோட பின்னாலேயே வந்தாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு.

பரீட்சை எழுதினேன். நடுவுல ஒரு இருபது நிமிஷம் என்ன பண்ணினேன்னு தெரியல. மேற்பார்வையாளர் வந்து "உடம்பு சரியில்லையாம்மா"ன்னு கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன். நாப்பத்தஞ்சு வரும், இல்ல முப்பத்தஞ்சு வரும்.

புளிச்சோறு நல்லா இருந்துச்சு.

மே 7, புதன்

தணிக்கை முடிஞ்சது. எல்லாக் கேள்வியும் தொட்டாச்சு. வெளிய வந்தா எல்லாரும் விடையை ஒப்பிட்டுப் பார்த்துட்டு நிக்கிறாங்க. நான் நேரா மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறினேன்.

"என்ன கேட்டாக?"ன்னு அம்மா.

"ஆடிட்டர் எப்படி நடந்துக்கணும்னு கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"நேர்மையா நடந்துக்கணும்னு எழு... சொன்னேன்."

மே 8, வியாழன்

தூங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு மாசமா எழுதல. எழுத ஒண்ணும் இல்ல. பஜார்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல உதவியாளரா சேர்ந்திருக்கேன். ஆடிட்டருக்கு உண்மை தெரியும், என் மார்க் ஷீட் பார்த்துத்தான் எடுத்தார். ஊர்க்காரங்க நான் அங்க பார்ட்னர்னு நினைச்சுக்கிறாங்க.

பெருமாள்சாமி அண்ணாச்சி வேற ஒருத்தர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டார். இப்ப என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிறார். "படிச்சதும் தலைக்கனம் வந்துருச்சு"ன்னு சித்தப்பாகிட்ட சொன்னாராம்.

அப்பாவோட மாசத் திதி. காக்காவுக்குச் சோறு வச்சோம். உடனே வந்துச்சு. அம்மாவுக்குத் திருப்தி.

ஜூலை 6, ஞாயிறு

47. 46. பழைய 62. மொத்தம் 155.

பாஸ்.

மாடியில இருந்து இறங்கி வந்தேன். அம்மா கூடத்துல வெங்காயம் உரிச்சிட்டு இருந்துச்சு. வாயத் திறந்தேன். என்னன்னு சொல்ல? பாஸ் ஆயிட்டேன்மான்னா, அதான் மார்ச்சுலேயே ஆயிட்டியேன்னு கேக்கும்.

"என்னடி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

உட்கார்ந்து வெங்காயம் உரிச்சேன்.

நசீமா போன்ல கத்தின கத்துல காது அடைச்சுப் போச்சு. "ஏய், அழுறியாடி?"ன்னு கேட்டா. அழல. அவதான் அழுதுட்டு இருந்தா. ஏழு வருஷம் இதுக்காகத்தான் படிச்சேன். பாஸ் ஆனா நான் அப்பாவோட லோடு ஆட்டோவுல ஏறி நின்னு ஊரைச் சுத்தணும்னு பேச்சு. இப்ப இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் நாலு மாசம் முன்னாடியே வாழ்த்திட்டாங்க, அதுவும் சாவு வீட்ல வச்சு.

திட்டம் போட்டபடிதான் எல்லாம் நடந்திருக்கு. பொய் நேராயிருச்சு. சந்தோஷமா இருக்கணும்.

சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரல.

ஜூலை 7, திங்கள்

ஆபீஸ் போனேன். ஆடிட்டர் கை குடுத்தார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்னு கேட்டுக்கிட்டேன். விநோதமாப் பார்த்தார்.

ஜூலை 9, புதன்

சித்தப்பா வந்தார். சங்கத்துல ஆகஸ்ட்டு மாசம் பாராட்டு விழாவாம். என் பேரைக் குடுத்துட்டாராம். மார்ச் மாசம் பாஸ் ஆன மார்க் ஷீட் நகல் ஒண்ணு வேணுமாம். தேடித் தரேன்னு சொன்னேன். ஒரு பொய்க்குச் சோறு போட்டா அது குட்டி போட்டுட்டு வந்து நிக்குது.

அவர் போனதும் அம்மா கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துச்சு.

"உங்கப்பா ஒண்ணையும் அனுபவிக்கல. ஆனா நீ பாஸானத காதால கேட்டுட்டுத்தான் போனாக. அது ஒண்ணுதான்டி எனக்கு ஆறுதல். அத நினைச்சுத்தான் காலையில எந்திரிக்கிறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் தானாத் திறந்துச்சு.

"அவர் கேட்டது பொய்ம்மா."

"எது?"

சொன்னேன். கேன்டீன் வரிசை, 147, மேயில எழுதினது, ஞாயித்துக்கிழமை வந்தது, எல்லாம். அம்மா கத்தியைக் கீழ வைக்கல.

"அப்ப மதுரைக்கு நீ போனது?"

"பரீட்சைக்கு."

"நான் எதுக்க நடந்து வந்தேனே?"

"பரீட்சைக்குத்தான்."

"அத நம்பித்தானேடி அவுக கையெழுத்துப் போட்டாக."

"ஆமா."

அம்மா எந்திரிச்சு உள்ள போயிருச்சு. மிச்சக் கத்தரிக்காயை நான் நறுக்கினேன். குழம்பு வச்சேன். தனியாச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பேசல.

ஜூலை 11, வெள்ளி

குடிதண்ணி வந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து பதினோரு குடம் பிடிச்சோம். பேசல.

ஜூலை 12, சனி

பேசுச்சு.

"அறுக்காட்டி ரெண்டு மாசம் தாங்காதுன்னு டாக்டர் என்கிட்ட தனியாச் சொன்னாரு. சம்மதிக்கச் சொல்லி நானும்தான் கால்ல விழுந்தேன். அதுக்கு உன்ன நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது வேற, இது வேற."

சொல்லிட்டு முந்தானைய உதறிச் செருகுச்சு.

"ஆனா அவுக வாயால ஊர் பூராம் பொய் சொல்ல வச்சிட்ட. தெரியாமச் சொன்னாலும் பொய் பொய்தான். அந்த மனுஷன் முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டி ஒருத்தன்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. செத்த பெறகு அவுக பேர்ல அது நிக்கக் கூடாது." விரல் விட்டு எண்ணுச்சு. "அவுக சொல்லித் தெரிஞ்சது பதினாலு வீடு. நாளைக்கு எல்லாரும் வீட்ல இருப்பாக. காலையில குளிச்சிட்டு வா, போகணும்."

"வருஷம் திரும்பாம நீ அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாதும்பாங்களேம்மா."

"உள்ள போனாத்தானே? வாசல்ல நிப்போம்."

ஜூலை 13, ஞாயிறு

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். முதல் வீடு சித்தப்பா. அம்மா கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. "சொல்லு"ன்னுச்சு.

"மார்ச்சுல பாஸ்னு சொன்னது பொய் சித்தப்பா. அப்ப ஃபெயில். போன ஞாயித்துக்கிழமைதான் பாஸ் ஆனேன்."

சித்தப்பாவுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் தலையில கை வச்சிட்டார். "மதினி, அதான் இப்ப பாஸ் ஆயிட்டாளே! இத எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அழுதப்ப வந்தாகள்ல, சிரிக்கவும் வரட்டும்."

கோமதி அக்கா, "அப்ப நான் குடம் தூக்கினது வீண் போகல"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மூணாவது வீட்ல ஒரு ஆச்சி எதையும் காதுல வாங்காம, மறுபடியும் வாழ்த்தி அனுப்பினாங்க. பெருமாள்சாமி அண்ணாச்சி வாசல்லதான் பேப்பர் படிச்சிட்டு இருந்தார்.

"அப்ப அன்னிக்கு சீல் வரலன்னு சொன்னது?"

"நானே சி.ஏ.வா வரல அண்ணாச்சி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அவ்வளவு கெஞ்சியும் கள்ளக் கையெழுத்துப் போடாம இருந்தியே"ன்னார். உள்ளே பார்த்து, "ஏய், மோர் கொண்டா"ன்னார். வாசல்லயே நின்னு குடிச்சோம்.

அதுக்கப்புறம் பழகிப் போச்சு. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்றாப்போல கடகடன்னு சொல்லிட்டு அடுத்த வீடு. சிலர் முகம் மாறுச்சு, சிலர் அம்மாவைப் பாவமாப் பார்த்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல.

ஒன்பதாவது வீடு தவசி மாமா. லுங்கியோட ஆட்டோ கழுவிட்டு இருந்தார். சொன்னேன். குழாயை நிறுத்திட்டு, கையை லுங்கியில துடைச்சார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் போட்டாரும்மா உங்கப்பா. 'தவசி, இனி என் வண்டிய நீ எடுத்து ஓட்டுடா, எனக்கு வேலை முடிஞ்சிருச்சு'ன்னாரு. நான் கூட ஏசினேன், ஏன்ணே இப்படிப் பேசுறீகன்னு." என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ பாஸ் ஆகலன்னு அண்ணனுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது மாமா."

"இப்ப பாஸ் ஆனதும் தெரியாது."

அவர் ஒண்ணும் குத்திச் சொல்லல. இருக்கிறதைச் சொன்னார். நானும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பத்தான் திரும்பினேன். அவர் வீட்டு வாசப்படியில உட்கார்ந்துட்டேன்.

"தெரியாது மாமா. எங்கப்பாவுக்குத் தெரியாது. நான் நிஜமாப் பாஸ் ஆயிட்டேன், எங்கப்பாவுக்குத் தெரியாது."

அதையே சொல்லிட்டு இருந்திருக்கேன். அப்புறம் வார்த்தை நின்னு வெறும் அழுகை வந்துச்சு. தெருவே கேக்கிற மாதிரி, மூக்குல வாயில எல்லாம் ஒழுக, அப்பா செத்த அன்னிக்கு அழ வேண்டியதை ஆட்டோ கழுவின தண்ணியில காலை வச்சுக்கிட்டு அழுதேன். மாமா வீட்டு அத்தை ஓடி வந்து தண்ணி குடுத்தாங்க. எதிர்த்த வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துச்சு.

அம்மா தேத்தல. பக்கத்துல நின்னுச்சு. வெயில் என் தலையில படாம நகர்ந்து நின்னுச்சு. நான் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, முந்தானையால என் மூஞ்சிய அழுத்தித் துடைச்சுச்சு, சின்னப் புள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, வலிக்க வலிக்க.

"எந்திரி. இன்னும் அஞ்சு வீடு இருக்கு."